ரூப்ரீன் படிகத்தில் மின்னூட்டத்தின் ஓட்டத்தை அளத்தல்

கரிமக் குறைகடத்திப் படிகத்தின்மீது அமைத்த டிரான்சிஸ்டரின் இயக்க எண் இவ்வளவு என்று அறிவிக்கும் ஆய்வுக்கட்டுரை எதைக் கையில் எடுத்தாலும், அந்த எண் எந்த வளைகோட்டிலிருந்து, அந்த வளைகோட்டின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன். இயக்க எண்ணை எந்தக் கருவியும் நேரடியாகக் காட்டுவதில்லை. கருவி காட்டுவது மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் மட்டுமே. ஓரலகு மின்புலத்தில் மின்னூட்டம் பெறும் வேகமாகிய இயக்க எண்ணை, சில எடுகோள்களின் வழியாக நாம்தான் கணக்கிட்டு எடுக்கிறோம். அந்த எடுகோள்களில் ஒன்று பொய்த்தாலும் கணக்கு எந்த எச்சரிக்கையும் தராமல் ஓர் எண்ணைத் தந்துவிடும். பெரும்பாலும் அது உண்மையைவிடப் பெரிய எண்ணாக இருக்கும்.

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலிருந்து முதுநிலை இயற்பியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் எங்கள் ஆய்வகத்துக்குத் திட்டப்பணிக்காக வருகிறார்கள். பள்ளியில் தமிழிலோ மலையாளத்திலோ படித்துவிட்டு, இந்தத் துறைக்குள் ஆங்கிலத்தில் மட்டுமே நுழைய வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அவர்கள். சூத்திரத்தை எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். சூத்திரம் எந்த இடத்தில் பொருந்தாது என்பதைச் சொல்லித்தரும் எழுத்துத்தான் அவர்கள் கைக்குக் கிடைப்பதில்லை. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் படிகம். இத்துறையில் மிக அதிகமாக ஆராயப்பட்ட பொருள் ரூப்ரீன். நாற்பத்திரண்டு கார்பன் அணுக்களும் இருபத்தெட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட அந்த மூலக்கூறின் முதுகெலும்பு, நான்கு பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டிய டெட்ராசீன். அதன் பக்கங்களில் நான்கு பீனைல் தொகுதிகள் நிற்கின்றன. தூளைக் குவார்ட்ஸ் குழாய்க்குள் வைத்து, ஆர்கான் வாயுவை மெதுவாகச் செலுத்தியபடி 300 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பநிலைக்குச் சூடாக்கினால், ஆவியாகிய மூலக்கூறுகள் குழாயின் குளிர்ந்த பகுதியில் ஆரஞ்சுச் சிவப்பு நிறத் தகடுகளாகவும் ஊசிகளாகவும் படிகின்றன. ஒரு முறை வளர்த்த படிகங்களையே மீண்டும் மூலப்பொருளாக வைத்து வளர்த்தால் தூய்மை கூடும். இந்த வேலையில் வெப்பநிலை ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம் என்பதால், எங்கள் ஊரில் மின்தடை வரும் நாட்களை நினைத்து, உலைக்குத் தனியாக மின்சேமிப்பு வைத்த பிறகுதான் வளர்ப்பையே தொடங்குகிறோம்.

நல்ல தகட்டில் மூலக்கூறுகள் ஏறத்தாழ 1.3 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாக அமைந்திருக்கும். அடுக்குக்குள் ஒரு திசையில் அவை நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கப்பட்டிருப்பதால், அந்தத் திசையில் துளைகள், அதாவது எலக்ட்ரான் விட்டுச்சென்று நேர்மின்னூட்டம்போல் நகரும் வெற்றிடங்கள், மற்றத் திசையைவிட எளிதாக நகர்கின்றன. டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைச் சுமப்பது படிகத்தின் முழுத் தடிமனும் அன்று. மின்காப்புப் படலத்தை ஒட்டிய முதல் ஓரிரு அடுக்குகள் மட்டுமே. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 300 நானோமீட்டர் சிலிக்கன் டையாக்சைடு படலத்தின் மின்தேக்குத்திறன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11.5 நானோஃபாரட். படலத்தின் மறுபக்கம் நின்று படிகத்தில் மின்னூட்டத்தைச் சேர்க்கும் கேட் மின்வாயில் 50 வோல்ட் கொடுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டரில் மூன்றரை லட்சம் கோடி துளைகள் சேரும். ரூப்ரீனின் ஓரடுக்கில் அதே பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ ஐம்பது மூலக்கூறுகளுக்கு ஒரு துளை என்று வரும். அவ்வளவு கொஞ்சமான மின்னூட்டம், அவ்வளவு மெல்லிய பரப்பில் ஓடுகிறது. அந்தப் பரப்பில் படிந்த தூசியும், நீரும், ஆக்சிஜனும், இடுக்கியின் கீறலும் எல்லாம் அளவீட்டில் பதிந்துவிடும்.

அதனால்தான் இந்தத் துறையின் முன்னேற்றம் பெரும்பாலும் பரப்பைத் தொடாமல் டிரான்சிஸ்டர் அமைக்கும் வழிகளைத் தேடியதிலேயே நிகழ்ந்தது. 2003-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் விட்டாலி பொட்சோரோவும் உடன்பணியாளர்களும் பேரிலீன் என்ற பாலிமரை ரூப்ரீன் படிகத்தின்மீது அறை வெப்பநிலையிலேயே ஆவியாகப் படியவைத்து, அதை மின்காப்பாகக் கொண்டு டிரான்சிஸ்டர் செய்தார்கள். உலோகத்தையோ ஆக்சைடையோ படிகத்தின்மீது நேரடியாகப் படியவைக்கும்போது ஏற்படும் சேதம் இதில் இல்லை. அடுத்த ஆண்டு இன்னும் அழகான வழி ஒன்று வந்தது. சிலிக்கோன் ரப்பர் அச்சில் தங்க மின்வாய்களை முன்னதாகவே அமைத்து, படிகத்தை அதன்மேல் மெல்ல வைத்தால், படிகம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். வேண்டுமானால் எடுத்து, திருப்பி, வேறு திசையில் மீண்டும் வைத்து அளக்கலாம். அப்படி ஒரே படிகத்தைத் திருப்பித் திருப்பி அளந்தபோது, ஒரு திசையில் இயக்க எண் வோல்ட்-விநாடிக்கு 15 சதுர சென்டிமீட்டர் அளவிலும், அதற்குச் செங்குத்தான திசையில் 4-க்கும் 5-க்கும் இடையிலும் கிடைத்தது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் அளவீடுகளில் அது ஒன்று. படிகம் அதே, மின்வாய் அதே, மாறியது திசை மட்டுமே என்பதால், மதிப்பில் வந்த வேறுபாடு படிகத்தின் உள்ளமைப்பைச் சொல்கிறது என்று துணிந்து கூற முடிந்தது.

ஒப்பீட்டுக்கு ஒரு சொல்: படிகச் சிலிக்கனில் எலக்ட்ரானின் இயக்க எண் 1400 அளவில் இருக்கிறது, திரைகளில் பயன்படும் படிகமற்ற சிலிக்கனில் அது 1 அல்லது அதற்கும் கீழ். ரூப்ரீன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இனி அளவீட்டுக்கு வருவோம். சோர்ஸ், டிரெயின் என்ற இரு மின்வாய்களுக்கு இடையே சிறு மின்னழுத்தத்தைக் கொடுத்து, கேட் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினால், மின்னோட்டம் ஒரு தொடக்க மதிப்புக்குப் பிறகு நேர்கோட்டில் ஏற வேண்டும். அந்தக் கோட்டின் சரிவிலிருந்து, கால்வாயின் (இரு மின்வாய்களுக்கு இடையே மின்னூட்டம் ஓடும் பகுதியின்) நீளம், அகலம், மின்தேக்குத்திறன் ஆகியவற்றைக் கொண்டு இயக்க எண்ணைக் கணக்கிடலாம். டிரெயின் மின்னழுத்தத்தைக் கூட்டி, அதற்கு மேல் கூட்டினாலும் மின்னோட்டம் ஏறாத செறிவுநிலைக்குக் கொண்டுபோனால், மின்னோட்டத்தின் வர்க்கமூலம் நேர்கோடாக வர வேண்டும். பாடநூலில் இவ்வளவுதான் இருக்கிறது. சென்ற ஆண்டு வந்த மாணவர் ஒருவர், "கோடு எந்த எடத்துல நல்லா நேரா இருக்குதோ, அங்க சரிவு எடுத்தாப் போதுமுங்களா சார்?" என்று கேட்டார். மிக நேர்மையான கேள்வி. உலகின் நல்ல ஆய்வகங்களிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள்.

அவர் கேள்விக்கு விடை உலோக மின்வாய் படிகத்தைத் தொடும் மின்தொடர்பில் இருக்கிறது. சித்தூர்ப் பக்கத்து மூலத்தறை அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றில் எவ்வளவு தண்ணீர் எளிதாக ஓடும் என்று அறிய விரும்புகிறோம் என்று கொள்வோம். தலைமதகு பாதி திறந்திருக்கும்போது அளக்கத் தொடங்கி, அளந்துகொண்டிருக்கும்போதே மதகையும் யாரோ திறந்துகொண்டே போனால், கடைமடையில் ஏறும் நீரெல்லாம் வாய்க்காலின் தரத்தால் ஏறியதாகக் கணக்கில் சேர்ந்துவிடும். டிரான்சிஸ்டரில் உலோகமும் படிகமும் சேரும் இடம்தான் அந்தத் தலைமதகு. உலோகத்திலிருந்து துளை படிகத்துக்குள் இறங்க ஒரு தடையரணைத் தாண்ட வேண்டும். கேட் மின்னழுத்தம் உயர உயர அந்தத் தடையும் குறைகிறது. எனவே மின்னோட்டம் இரண்டு காரணங்களால் ஏறுகிறது. கால்வாயில் துளைகள் பெருகுவது ஒன்று, தொடர்பின் தடை சரிவது மற்றொன்று. சூத்திரமோ முழு ஏற்றத்தையும் முதல் காரணத்தின் கணக்கில் எழுதி, இயக்க எண்ணாக மாற்றித் தருகிறது.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. தொடர்பு திறந்துகொள்ளும் மின்னழுத்தத்தில் வளைகோடு செங்குத்தாக ஏறி, பிறகு முழங்கைபோல் மடங்கி, மெல்லிய சரிவில் தொடரும். செங்குத்தான துண்டு பார்வைக்கு நேர்கோடாகவே இருக்கும். அதிலிருந்து எடுத்த எண் மிகப் பெரிதாக வரும். 2016-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எமிலி பிட்டிலும் உடன்பணியாளர்களும் ரூப்ரீன் படிக டிரான்சிஸ்டர்களிலேயே இதை விரிவாக ஆராய்ந்து, இவ்வகைப் பிழை இயக்க எண்ணைப் பத்து மடங்கு வரையிலும் அதற்கு மேலும்கூட ஊதிக்காட்ட முடியும் என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரைக்குப் பிறகு, முன்பு வெளிவந்த உயர்ந்த எண்கள் பலவற்றை மீண்டும் பார்க்க வேண்டிய நிலை வந்தது. 2018-இல் பொட்சோரோவ், ஃப்ரிஸ்பி, சிரிங்காஸ் முதலியோர் சேர்ந்து, இயக்க எண்ணோடு ஒரு நம்பகக் காரணியையும் அறிவிக்க வேண்டும் என்று முன்வைத்தார்கள். அளக்கப்பட்ட உச்ச மின்னோட்டத்தை, சுழியிலிருந்தே நேர்கோடாக ஏறும் ஒரு குறையற்ற டிரான்சிஸ்டர் அதே கேட் மின்னழுத்தத்தில் தந்திருந்தால் அதன் இயக்க எண் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு, அறிவித்த எண்ணில் அது எத்தனை விழுக்காடு என்று சொல்வதே அந்தக் காரணி. முழங்கையின் செங்குத்துப் பகுதியில் எண் எடுத்தவர்களுக்கு அந்த விழுக்காடு மிகத் தாழ்ந்துவிடும். இந்த வழக்கம் எல்லோராலும் ஏற்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடர்புத் தடை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. இயக்க எண் 10 உள்ள படிகத்தில், மேலே சொன்ன 50 வோல்ட்டில், நீளமும் அகலமும் சமமான கால்வாயின் தடை ஏறத்தாழ 170 கிலோ ஓம். இரு தொடர்புகளும் தலைக்கு 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், நாம் கொடுத்த மின்னழுத்தத்தில் பாதிக்கும் மேல் தொடர்புகளிலேயே இறங்கிவிடும். படிகம் நல்லதாக ஆக ஆக, கால்வாயின் தடை குறைந்து, தொடர்பின் பங்கு இன்னும் கூடும். மோசமான படிகத்தில் மறைந்துகிடக்கும் பிழை, நல்ல படிகத்தில்தான் தலைதூக்குகிறது.

இதிலிருந்து தப்ப நான்முனை அளவீடு உதவுகிறது. மின்னோட்டத்தை வெளி மின்வாய்கள் வழியாகச் செலுத்தி, கால்வாயின் நடுவே ஓரத்தில் வைத்த இரு சிறு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தைத் தனியே படிக்க வேண்டும். அந்த முனைகள் வழியாக மின்னோட்டம் ஏறத்தாழ ஓடாததால் அவற்றின் தொடர்புத் தடை கணக்கில் புகாது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மின்னழுத்தத்தைப் படிக்கும் கருவியின் உள்தடை, தொடர்புகளின் தடையைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். சாதாரண மல்ட்டிமீட்டர் இதற்குப் போதாது. முனைகள் கால்வாய்க்குள் நீட்டிக்கொண்டு ஓட்டத்தைத் திருப்பிவிடவும் கூடாது. நாங்கள் நீரில் கரைத்த கிராஃபைட் குழம்பை மெல்லிய முடியின் நுனியால் தொட்டு வைக்கிறோம். ரூப்ரீனுக்கு அது தங்கத்தை ஆவியாக்கிப் படியவைப்பதைவிட மென்மையான தொடர்பு. கை நடுங்காமல் இருந்தால் போதும். இருமுனை எண்ணும் நான்முனை எண்ணும் அருகருகே இருந்தால் மனம் நிம்மதி அடைகிறது. விலகி நின்றால், நான்முனை எண்ணை எடுத்துக்கொண்டு இருமுனை வளைகோட்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

இரண்டாவது சாட்சி ஹால் விளைவு. படிகத் தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்தால், ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். அதிலிருந்து உண்மையில் நகரும் மின்னூட்டங்கள் எத்தனை என்று, மின்தேக்குத்திறனைச் சாராமலே அறியலாம். 2005-இல் ரூப்ரீன் டிரான்சிஸ்டர்களில் ஹால் விளைவு அளக்கப்பட்டபோதுதான், இங்கே மின்னூட்டம் மூலக்கூறிலிருந்து மூலக்கூறுக்குத் தத்தித் தாவுவது மட்டும் அன்று, பல மூலக்கூறுகளில் பரவிய அலையாகவும் நகர்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் அளப்பது கடினம். இயக்க எண் 10, காந்தப்புலம் 1 டெஸ்லா என்றால், குறுக்கு மின்னழுத்தம் நீள்திசை மின்னழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. எதிரெதிர் முனைகள் மயிரிழை விலகியிருந்தாலும் நீள்திசை மின்னழுத்தத்தின் கசிவு அதை மூழ்கடித்துவிடும். காந்தப்புலத்தின் திசையை மாற்றி இரு முறை அளந்து, வேறுபாட்டில் பாதியை எடுத்தால்தான் உண்மைப் பகுதி பிரிந்து வரும்.

மூன்றாவது, வெப்பநிலை. படிகத்தைக் குளிர்விக்கும்போது இயக்க எண் கூடினால், நாம் படிகத்தின் இயல்பையே பார்க்கிறோம் என்று நம்பலாம். குறைந்தால், துளைகள் ஆழமற்ற பொறிகளில் சிக்கி, வெப்பத்தின் உதவியால் விடுபட்டு விடுபட்டு நகர்கின்றன என்று பொருள். நல்ல ரூப்ரீனில் இரண்டும் தெரியும்: குளிர்விக்கத் தொடங்கியதும் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு பொறிகளின் ஆட்சியில் இறங்கும். இறங்கும் அந்தப் பகுதியிலும் ஹால் வழியாகப் பெற்ற இயக்க எண் ஏறிக்கொண்டே போவதை பொட்சோரோவ் குழுவினர் காட்டினார்கள். பொறியில் சிக்கிய துளை ஹால் மின்னழுத்தத்தில் பங்கெடுப்பதில்லை என்பதே காரணம். இரண்டு அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, அந்த முரணே ஓர் உண்மையைத் திறந்து காட்டிய இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

குளிர்ந்தால் ஏன் ஏற வேண்டும் என்பதற்கு 2006-இல் அலெசாண்ட்ரோ ட்ரொய்சியும் ஜியோர்ஜியோ ஓர்லாண்டியும் தந்த விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. கரிமப் படிகத்தில் மூலக்கூறுகளைப் பிணைத்திருப்பது வலுவற்ற வான் டெர் வால்ஸ் விசை. அறை வெப்பநிலையில் அவை ஓயாமல் ஒன்றையொன்று உரசி அசைகின்றன. அந்த அசைவால் அண்டை மூலக்கூறுகளுக்கு இடையிலான மின்னணு இணைப்பும் ஏறி இறங்குகிறது. பரவ முயலும் அலையை அந்த ஏற்ற இறக்கமே நொடிப்பொழுதுக்குள் கட்டிப்போட்டு, பிறகு விடுவிக்கிறது. குளிர்வித்தால் அசைவு அடங்கி, வழி தெளிகிறது. இதைச் சோதிக்க விரும்புபவர் மிக மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். படிகமும் அடியிலுள்ள ஆக்சைடும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், அவசரப்பட்டால் படிகத்தில் வெடிப்பு விழும். வெடிப்பு விழுந்த படிகமும் ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும்.

பாலக்காட்டுக் கணவாயில் இருந்து இந்த வேலையைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் இந்த வெளியில், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. ஜூன் பிறந்தால் மேற்கிலிருந்து மழைக்காற்று ஈரத்தோடு நுழைகிறது. சிலிக்கன் டையாக்சைடின் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் எலக்ட்ரான்களைப் பிடித்துவைப்பவை என்பதை 2005-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் காட்டினார்கள். அதே பரப்பு நீரையும் விரும்பி ஈர்த்துக்கொள்ளும். ஈரம் படிந்த பரப்பில் கேட் மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு வளைகோடும் இறக்கும்போது வேறொரு வளைகோடும் வரும். ஏறும் வளைகோட்டை மட்டும் வெளியிடுவது எனக்கு ஏற்புடையதன்று. பரப்பை நீர்விலக்கும் சேர்மத்தால் மூடுவதும், வெற்றிடத்தில் அளப்பதும், மழைக்காலத்தில் காற்றில் அளப்பதைத் தவிர்ப்பதும் இதற்கு வழிகள். ஒளியையும் மறக்கக் கூடாது. ரூப்ரீன் ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்த இடத்தில் பெராக்சைடாக மாறும். கரைசலாக இருந்தால் நிறமே வெளுத்துவிடும். படிகத்தை இருட்டில் வைத்து, மேசை விளக்கையும் நுண்ணோக்கி விளக்கையும் அணைத்துச் சற்று நேரம் பொறுத்த பிறகே அளக்க வேண்டும்.

இந்த நுணுக்கங்களை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இத்துறையின் வரலாறும் ஒரு காரணம். 2000, 2001 ஆண்டுகளில் பெல் ஆய்வகத்தின் யான் ஹெண்ட்ரிக் ஷோன் கரிமப் படிக டிரான்சிஸ்டர்களில் வியக்கத்தக்க முடிவுகளை அடுத்தடுத்து வெளியிட்டார். வேறு எந்த ஆய்வகத்தாலும் அவற்றை மீண்டும் பெற முடியவில்லை. வெவ்வேறு அளவீடுகள் என்று காட்டப்பட்ட படங்களில் ஒரே இரைச்சல், அதாவது ஒவ்வோர் அளவீட்டிலும் வேறாக வர வேண்டிய தற்செயல் நடுக்கம், திரும்பத் திரும்ப இருப்பது கண்டறியப்பட்டது. மால்கம் பீஸ்லி தலைமையிலான குழு 2002 செப்டம்பரில் தந்த அறிக்கையில், 24 குற்றச்சாட்டுகளில் 16-இல் முறைகேடு உறுதிசெய்யப்பட்டது. மூலத் தரவுகள் அழிக்கப்பட்டிருந்தன. முறையான ஆய்வுக் குறிப்பேடுகளும் இல்லை. அந்த அதிர்ச்சி இன்னும் ஆறாதிருந்த நிலையில்தான், அடுத்த ஆண்டே பேரிலீன் முறையும் அதன்பின் ரப்பர் அச்சும் வந்தன. வேறு ஆய்வகங்களும் செய்து சரிபார்க்கக்கூடிய எளிமையே அவற்றின் பெரும் சிறப்பு.

எங்களிடம் வரும் மாணவர்கள் ஒவ்வொரு படிகத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். நுண்ணோக்கிப் படம், படிகத்தின் திசை, தடிமன், கால்வாயின் நீள அகலம், அளந்த மின்தேக்குத்திறன், ஏறும் வளைகோடும் இறங்கும் வளைகோடும், கேட் வழியாகக் கசியும் மின்னோட்டம், இருமுனை எண், நான்முனை எண், நம்பகக் காரணி ஆகிய எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெப்பநிலைக்கு அடுத்த கட்டத்தில் அன்றைய ஈரப்பதத்தையும் எழுதுகிறோம். கேட் கசிவு, கால்வாய் மின்னோட்டத்தின் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் படிகத்திலிருந்து எந்த எண்ணும் எடுப்பதில்லை. வளைகோட்டை மட்டும் பதிந்துவிட்டு அடுத்த படிகத்துக்குப் போகிறோம்.